தாய்மார் குழு ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் நான் அறிக்கை வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். அதனால் இந்த முறை எழுதியே அனுப்புகிறேன், பால் கொடுத்துக்கொண்டே படித்துக்கொள்ளலாம்.

மாதம் ஒரு கூட்டம் என்று பேசினோம், நடந்தது 9. மே மாதம் வெயில், ஜனவரியில் பொங்கல், இன்னொரு மாதம் நான் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம், வழக்கம்போல அங்கன்வாடியில். வழக்கம்போல என்றால் கோலம், சுண்டல், பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோடு 2 வயதும் அதற்கு மேலும் என்ற பேச்சு. ஃபிளெக்ஸில்தான் கூத்து. குழந்தை படம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன், கடைக்காரத் தம்பி புட்டியோடு சிரிக்கிற குழந்தையைப் போட்டு அடித்துவிட்டது, நானும் பிரித்துப் பார்க்காமல் கட்டச் சொல்லிவிட்டேன். பால் புட்டிக்கு விளம்பரமே கூடாது என்று 1992லேயே சட்டம் வந்த நாட்டில் நாமே காசு கொடுத்து விளம்பரம் செய்தோம். நர்ஸ் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி அந்தப் புட்டி மேல் மாட்டிவிட்டுப் பேச உட்கார்ந்தார்.

அன்று வந்த பல் மருத்துவர் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. டார்ச் கேட்டார், வரிசையாகப் பிள்ளைகளை அம்மா மடியில் சாய்த்து மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றரை வயசுப் பையன் ஒருவனுக்கு ஈறை ஒட்டி நாலு முன்பல்லிலும் சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி வெள்ளை. கீழ்ப்பல் பளிச்சென்று இருந்தது. கீழே நாக்கும் எச்சிலும் காவல், புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கினால் மேலேதான் பால் தேங்கும் என்றார். அந்த வெள்ளைக் கோடுதான் சொத்தையின் ஆரம்பம், அந்த நிலையில் பிடித்தால் நிறுத்திவிடலாம், பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு முடியாது. பையனின் அம்மா, "தினமும் குளிப்பாட்டுறேன், இதைப் பார்த்ததே இல்லையே" என்றார். எங்களில் யார்தான் பார்த்தோம்? அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலை டார்ச்தான்.

அக்டோபர் கூட்டத்தில் சண்டை. ஒரு வயது தாண்டியும் ராத்திரி முழுக்க மார்பிலேயே கிடக்கிற பிள்ளைக்குச் சொத்தை வரலாம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒரு வயதில் பாலை நிறுத்திவிடலாம் என்று இரண்டு மாமியார்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் சொன்னது அது இல்லை. பகலில் ரஸ்க், பிஸ்கட், சர்க்கரை போட்ட பால், வாய் துடைப்பதே கிடையாது, இதற்கு மேல் ராத்திரிப் பாலும் சேர்ந்தால்தான் வினை. துடைக்க வேண்டியது வாயை, நிறுத்த வேண்டியது சர்க்கரையை. பல் முளைக்கும் முன்பே ஈரத்துணியால் ஈறைத் துடைத்துப் பழக்கலாம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறந்த பிள்ளை நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கிற சேனை வழக்கத்தில் பெரியவர்களோடு இன்னும் இழுபறிதான், ஆனால் ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, அது பல் பிரச்சினையையும் தாண்டியது, பிள்ளை உயிருக்கே ஆபத்து.

இனி தண்ணீர். தருமபுரிப் பக்கம் நிலத்தடித் தண்ணீரில் கூடுதலாக இருக்கிற ஃபுளோரைடு என்ற உப்பால் காவி படிந்த பல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என் பல்லே சாட்சி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல் வந்ததே ஃபுளோரைடு தொல்லைக்காகத்தான், ஆனாலும் தோட்டத்து வீடுகளில் இன்றைக்கும் போர் தண்ணீர் புழங்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் தண்ணீரில் பவுடர் பால் கலக்கினால் அத்தனையும் பிள்ளை வயிற்றுக்குள். ஆறேழு வயதில் முளைக்கப்போகிற பல் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. காய்ச்சித்தானே கொடுக்கிறோம் என்றார் ஒரு பாட்டி. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். ஆனால் அதே தண்ணீரை அம்மா குடித்தாலும் தாய்ப்பாலில் அது மிக மிகக் கொஞ்சம்தான் இறங்குகிறது. இத்தனை வருடம் தாய்ப்பால் பெருமை பேசியும் நம் ஊருக்கென்றே இருக்கிற இந்தக் காரணத்தை நாம் சொல்லாமல் விட்டிருக்கிறோம். பேஸ்டிலும் ஃபுளோரைடு இருக்கிறதே என்று கேட்கிறீர்கள்: டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள், 3 வயது வரை ஓர் அரிசி அளவு, பிரஷ் பெரியவர்கள் கையில்.

அம்மாக்களின் பல்லையும் எழுத வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் கடைவாய்ப் பல் வலியை ஐந்து மாதம் பொறுத்துக்கொண்டார், மரத்துப்போக ஊசி போட்டால் பாலில் இறங்கிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதே இல்லை, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். பல்லை எடுத்துவிட்டு அன்று மாலையே பால் கொடுத்தார். கர்ப்பத்தில் ஈறில் ரத்தம் வருகிறதென்று பல் தேய்ப்பதை நிறுத்தியவர்களும் நம்மில் உண்டு, நிறுத்தினால் ரத்தம் கூடத்தான் செய்யும்.

வரவு செலவு நோட்டுப் பொருளாளர் அக்கா வீட்டில் இருக்கிறது, கையிருப்பு 2,140 ரூபாய், ஃபிளெக்ஸ் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அடுத்த கூட்டம் இரண்டாவது சனிக்கிழமை. போன தடவை டார்ச்சைக் கொண்டுபோனவர் மறக்காமல் கொண்டுவரவும், பேட்டரி நான் வாங்கிவிட்டேன்.