மூடிய கிளையின் மின்கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் கடன் பிரிவிலேயே இருந்துவிட்டு, இப்போது உங்கள் வங்கியின் மின்சாரப் பயன்பாட்டையும் கார்பன் உமிழ்வையும் குறைக்கும் பொறுப்பு உன் மேசைக்கு வந்திருப்பதைப் படித்து முதலில் சிரித்தேன். அப்படிப்பட்ட பொறுப்பு எந்த நிலையில் ஒருவரிடம் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியுமாதலால், சற்று நேரத்தில் இரக்கமும் பிறந்தது. என் செய்தி அதிகம் இல்லை. கட்டடப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. ஆனால் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் ஏசியின் வெப்பநிலை எவ்வளவு என்று தேடும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கிளைகளின் கூரையில் சூரிய மின்தகடு வைப்பதா, வேறெங்கோ உற்பத்தியான பசுமை மின்சாரத்தை நம் கணக்கில் காட்ட உதவும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்குவதா, தரவு மையத்தை மேகக் கணினிச் சேவைக்கு மாற்றிவிடுவதா, இவற்றில் எதை முதலில் செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் ஆறு மாதம் தள்ளிவை என்பதே என் பதில். அதற்கு முன்னால், கிளைகள் பூட்டப்பட்ட பிறகு உங்கள் மின்மானிகள் எவ்வளவு ஓடுகின்றன என்று பார். நான் இந்த வேலையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு கிளை நாளுக்கு 10 மணி நேரம் வீதம் 5 நாள் இயங்கினால், திறந்திருப்பது 50 மணி நேரம்; மூடியிருப்பது 118 மணி நேரம். பகலில் அந்தக் கிளை சராசரியாக 6 கிலோவாட் இழுக்கிறது, பூட்டிய பின் 2.5 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள். பகல் கணக்கு 300 யூனிட், பூட்டிய நேரத்துக் கணக்கு 295 யூனிட். அதாவது, அந்தக் கிளையின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, உள்ளே ஒரு வாடிக்கையாளரோ ஊழியரோ இல்லாத நேரத்தில் போகிறது. ஊழியர்களைப் பார்த்து விளக்கை அணையுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவது, மீதிப் பாதியின் ஒரு சிறு பகுதியைத்தான் தொடும். அலாரம், கண்காணிப்புக் கேமராவின் பதிவுக்கருவி, வலைப்பின்னல் கருவிகள், ஏடிஎம் ஆகியவை இரவிலும் இயங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அவற்றுக்கு மட்டும் 2.5 கிலோவாட் எங்கிருந்து வரும்? ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடும் ஒரே ஒரு கிலோவாட் 8,760 யூனிட் ஆகிறது என்பதை நினைவில் வை.

இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. ஒரு கிளையின் இரவுப் பயன்பாடு அதே அளவுள்ள மற்றக் கிளைகளைவிட மிக அதிகமாக இருந்ததால், உரிய அனுமதி பெற்று, இரவு ஒன்பது மணிக்கு எலக்ட்ரீஷியன் ஒருவரோடு அங்கே போனேன். மின்பகிர்வுப் பெட்டியின் முன் நின்று ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி, கிளாம்ப் மீட்டரில் எண் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தோம். யாரும் பயன்படுத்தாத மாடிக் கூட்ட அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குடிநீர்க் கருவி, குடிக்க ஆளில்லாத நேரத்தில், ஒரு பக்கம் நீரைச் சூடாக்கியும் மறுபக்கம் குளிரவைத்தும் உழைத்துக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகை விளக்கு மட்டும் அணைந்திருந்தது. சிக்கனம் என்று மகிழ்ந்தேன். மறுநாள் நண்பகலில் அந்த வழியே போனபோது அது ஜோராக எரிந்துகொண்டிருந்தது. மின்தடைகளின்போது டைமர் கடிகாரம் நின்று நின்று ஓடியதில், பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கி, அதற்கு இரவு பகலாகிவிட்டிருந்தது.

ஏடிஎம் அறைதான் இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. அங்கே இரண்டு ஏசிகள் உண்டு. ஒன்று சில மணி நேரம் ஓடி ஓய்ந்ததும் மற்றது தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாற்றிவிடும் டைமர் கெட்டுப்போனதால், யாரோ இரண்டையும் நேரடியாக இணைத்து, 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கதவைத் தானாக மூடும் கருவியும் பழுதாகி, கதவு ஒரு சாண் திறந்தே நின்றது. ஏடிஎம் இயந்திரம் இழுப்பது சில நூறு வாட்தான், 1.5 டன் ஏசி ஒன்று கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 1.5 கிலோவாட் இழுக்கும். சிறு இயந்திரம் ஒன்றைக் குளிர்விப்பதாகச் சொல்லிக்கொண்டு நாங்கள் தெருவைக் குளிர்வித்துக்கொண்டிருந்தோம். டைமரையும் கதவுக் கருவியையும் மாற்ற ஆன செலவு, அதற்கு முன் நாங்கள் எழுதி ஒப்புதல் வாங்கிய எந்த எரிசக்தித் திட்டத்தோடும் ஒப்பிட முடியாத அளவு சிறியது. ஆனாலும் அதற்குக் கோப்பு நகர அதே அளவு காலம் பிடித்தது!

அடுத்து யுபிஎஸ். பழைய கண்ணாடிக்குழாய் மானிட்டர்கள் இருந்த காலத்தில் கணக்கிட்டு வாங்கிய அளவையே, கணினிகள் அத்தனையும் மாறிய பிறகும், புதுப்பிக்கும்தோறும் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டிருப்பார்கள். பாதுகாப்புக்காக இரண்டை இணையாக வைக்கும்போது ஒவ்வொன்றின் மீதும் பாதிச் சுமைதான் விழும். சுமை அப்படிக் குறையக் குறைய யுபிஎஸ்ஸின் திறன் விழுந்துகொண்டே போகும். வீணாகும் மின்சாரம் வெப்பமாகி, அதை வெளியேற்ற ஓர் ஏசி வேண்டியிருக்கும். அந்த அறையில் குளிர்ச்சி உண்மையில் தேவைப்படுவது ஈய அமில பேட்டரிக்கு. அது 25 டிகிரிக்கு வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வும் அதன் ஆயுளைப் பாதியாக்கும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. பேட்டரியை மட்டும் ஒரு சிறு தடுப்புக்குள் ஒதுக்கினால், மற்றக் கருவிகளுக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை.

தரவு மையத்தைப் பற்றி உன்னிடம் பெருமையாகப் பேசுவார்கள். பியூஇ என்ற எண்ணைக் காட்டுவார்கள். மையத்துக்குள் நுழையும் மொத்த மின்சாரத்தைக் கணினிக் கருவிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அது. ஒன்றுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. பயனுள்ள எண்தான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கருவிகள் 100 கிலோவாட், மொத்தம் 180 கிலோவாட் என்றால் பியூஇ 1.8. வேலையே இல்லாமல் ஓடும் சர்வர்களை அணைத்து 20 கிலோவாட் குறைக்கிறாய். அதனால் குளிரூட்டலிலும் மற்றவற்றிலும் 10 கிலோவாட் குறைகிறது. இப்போது மொத்தம் 150, கருவிகள் 80, பியூஇ ஏறக்குறைய 1.88. முப்பது கிலோவாட் மிச்சப்படுத்திய உனக்கு, அறிக்கையில் மதிப்பெண் குறைந்திருக்கும். எனவே மொத்த யூனிட்டையும் பக்கத்திலேயே எழுதச் சொல். வேலையில்லாத சர்வர்கள் அவ்வளவு இருக்குமா என்று ஐயுற வேண்டாம். தரவு மையங்களின் மின்பயன்பாட்டை ஆராயும் ஜோனதன் கூமி 2015இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த சர்வர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் ஆறு மாதங்களாகப் பயனுள்ள எந்த வேலையும் செய்யாமல் மின்சாரம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தன. வங்கியில் இது இன்னும் கடினம். பழைய மென்பொருளை நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்திட யாருக்கும் துணிவு வராது.

வெப்பநிலை பற்றியும் ஒரு சொல். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. அறைக்குள் நுழைந்தால் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கிறது என்றால் அது கருவிகளின் தேவையன்று, பொறியாளர்களின் அச்சம். அலமாரிகளில் காலியாக இருக்கும் தட்டுகளை மறைப்புத் தகட்டால் மூடி, குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் கலக்காமல் தடுத்துவிட்டு, பிறகு மாதம் ஒரு டிகிரியாக உயர்த்து. ஒரேயடியாக உயர்த்தினால் முதல் பழுதுக்கே பழி உன் தலையில் விழும். காற்று கலப்பது நின்றால் மின்விசிறிகளின் வேகத்தையும் குறைக்கலாம். விசிறி எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய 51 சதவீதமாகிவிடும். இந்த ஒரு விதியை நிதிப் பிரிவினருக்கு விளக்கியபோதுதான், அவர்கள் என்னை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்கள்.

மின்சாரத்தை விட்டுவிட்டு, நான் ஏமாந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். கார்பன் கணக்கு எழுதத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள், ஸ்கோப் 1, அதாவது நிறுவனம் தானே நேரடியாக வெளியிடும் உமிழ்வு, என்றால் ஜெனரேட்டர் டீசலும் வாகனங்களும் மட்டுமே என்று இருந்துவிட்டேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. ரசீதைக் கூட்டினால் கணக்கு முடிந்தது. ஏசிகளுக்குக் கேஸ் ஏற்றும் செலவு "பழுதுபார்ப்பு" என்ற தலைப்பில் போய்க்கொண்டிருந்ததால், என் கண்ணில் படவே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏற்றப்படும் வாயு என்பது அதற்கு முன் கசிந்து வெளியேறிய வாயு என்பதை ஒரு தணிக்கையாளர் சுட்டிக்காட்டியபோது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏசிகளில் ஏற்றும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது ஏறக்குறைய 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது கிட்டத்தட்ட 770 லிட்டர் டீசலை எரித்ததற்கு ஈடு. ஆர்-32 என்ற இன்னொரு வாயு என்றால் 675 கிலோ. ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்தில், எந்த ஏசிக்கு எந்த நாளில் எத்தனை கிலோ என்ன வாயு ஏற்றப்பட்டது என்று ரசீதில் எழுத வேண்டும் என ஒரு வரி சேர்த்துவிடு. ஒரே இயந்திரத்துக்கு இரண்டாம் முறை கேஸ் கேட்டால், கசிவை அடைக்காமல் ஏற்றக் கூடாது என்று இன்னொரு வரி.

இனி உன் மூன்று கேள்விகள். சூரிய மின்தகடு நல்லதே; ஆனால் இரவு வீணாவதைக் குறைத்த பிறகு வைத்தால் தேவையான அளவும் சிறியதாகும், கூரையும் போதும். சான்றிதழ் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதைச் சேமிப்பு என்று எழுதாதே. நிறுவனங்கள் கார்பன் கணக்கு எழுதப் பின்பற்றும் பசுங்குடில் வாயு நெறிமுறையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஸ்கோப் 2 உமிழ்வை, அதாவது வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வை, மின்கட்டமைப்பின் சராசரிப்படி ஒன்று, வாங்கிய ஒப்பந்தங்களின்படி ஒன்று என இரண்டு எண்களாகத் தரச் சொல்கிறது. இரண்டாவது எண் பூச்சியமாகி முதல் எண் அசையாமல் இருந்தால், மாறியது காகிதம் மட்டுமே. தரவு மையத்தை வெளியே மாற்றுவதிலும் இதே சங்கடம் உண்டு. பெரிய சேவை நிறுவனங்கள் உங்களைவிடத் திறமையாக நடத்தக்கூடும். ஆயினும் உங்கள் ஸ்கோப் 2இல் மறைந்த உமிழ்வு ஸ்கோப் 3இல், அதாவது பிறர் வழியாக வரும் மற்ற மறைமுக உமிழ்வுகளில், போய் உட்காரும். அங்கே அதைத் தேடி எழுதாவிட்டால், வங்கி கரியைக் குறைக்கவில்லை, முகவரியை மாற்றியிருக்கிறது. கிளைகளை மூடினாலும் இணைத்தாலும் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டின் கணக்கைத் திருத்தி எழுது. இல்லையேல் வணிகம் சுருங்கியதற்குச் சிக்கனம் என்று பெயர் வந்துவிடும்.

வங்கியின் உண்மையான கரி அது கொடுக்கும் கடனில் இருக்கும்போது, விளக்கையும் ஏசியையும் பிடித்துத் தொங்குவானேன் என்று உங்கள் பழைய கடன் பிரிவுத் தோழர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். அவர்கள் சொல்வது உண்மைதான். நிதி நிறுவனங்கள் அளித்த தகவல்களைத் தொகுத்து நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தகவல்களைத் திரட்டும் சிடிபி அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அவற்றின் நிதியுதவி வழியான உமிழ்வு, சொந்தச் செயல்பாட்டின் உமிழ்வைப்போல் சராசரியாக 700 மடங்குக்கும் மேல் என்று கண்டது. இதை மறைத்துவிட்டு, கிளைகளின் சிக்கனத்தை மட்டும் விளம்பரப்படுத்தும் வங்கியோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கடன் வாங்கிய ஆலையிடம் எரிபொருள் கணக்கைக் கேட்கப் போகும் அதிகாரி, தன் கிளையின் மின்மானியை ஒருமுறையாவது படித்திருந்தால், வரும் எண்ணில் எது மெய், எது ஒப்புக்கு எழுதியது என்று அவருக்குப் புரியும். நீ இரண்டு பக்கமும் தெரிந்தவன். உன்னை இங்கே போட்டதில் அந்த வகையில் ஒரு நியாயம் இருக்கிறது.

இப்போதைக்கு ஒன்று செய். வெவ்வேறு அளவுள்ள பத்துக் கிளைகளைத் தேர்ந்தெடுத்து, பூட்டும்போதும் மறுநாள் திறக்கும்போதும் மின்மானி எண்ணை இரண்டு வாரம் குறிக்கச் சொல்; விடுமுறை நாள்களைத் தனியே காட்டச் சொல். அதோடு ஒவ்வொரு கிளையின் யுபிஎஸ் அளவு, அதன் திரையில் தெரியும் சுமைச் சதவீதம், ஏடிஎம் அறையின் ஏசிகள் வைக்கப்பட்டிருக்கும் வெப்பநிலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள். வாடகைக் கட்டடமாயிருந்து மின்மானி உரிமையாளர் பெயரில் இருந்தால், அதையும் ஓரத்தில் எழுது. பட்டியலை எனக்கு அனுப்பு. எந்தக் கிளைக்கு முதலில் இரவில் போக வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன். போகும்போது அந்தப் பெயர்ப்பலகையின் டைமரையும் மறக்காமல் பார்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்