மீன்பிடித் தடைக்காலத்திலேயே பல் வேர் சிகிச்சையை முடித்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். போன வருடம் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தார். மூன்று தடவை வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் தடவை வேரை அடைத்துவிட்டு மேலே தற்காலிகமாகப் பூசி அனுப்பினார்கள், மூன்றாம் தடவை டோக்கன் நாளாக, அதாவது கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைக்கும் நாளாகப் போனதால் கடலுக்குப் போய்விட்டார். வலியே இல்லையே, அப்புறம் பார்க்கலாம் என்று ஐந்து மாதம் அப்படியே ஓடிவிட்டது, கடைசியில் ஒரு நாள் விடியற்காலை தாடை வீங்கிப்போய் கரை இறங்கினார்.

உள்ளேதான் மருந்து வைத்து அடைத்தாச்சே, கிருமி எப்படி வந்தது என்று ராமநாதபுரத்தில் பார்த்த பல் டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் அடைக்கிற பொருளே கிருமியைக் கொன்றுவிடும் என்றுதான் எங்கள் ஊரில் எல்லாரும் நினைக்கிறோம்.

வேருக்குள் கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன, படகின் அடியில் பாசி பிடிக்கிற மாதிரி. பாசியையும் சிப்பியையும் சுரண்டாமல் மேலேயே பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பல்லிலும் சுரண்டுவதும் கழுவுவதும்தான் முக்கால்வாசி வேலை. அதற்கு சோடியம் ஹைப்போகுளோரைட் ஊற்றுகிறார்கள், நாம் வீட்டில் புழங்கும் பிளீச்சிங் திரவத்தின் வகைதான், படலத்தையே கரைக்கக்கூடியது.

அடைக்கிற பொருளில் முக்கியமானது கட்டாபெர்ச்சா, மரப்பாலில் இருந்து வருவது. அது இடத்தை நிரப்பும், கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதைச் சுற்றிப் பூசும் பசைதான் கொஞ்சம் கொல்லும். துத்தநாக ஆக்சைடோடு யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெயில் இருக்கும் சத்து, கலந்த பழைய பசையானாலும் சரி, எபாக்சி ரெசின் பசையானாலும் சரி, ஈரமாக இருக்கும்போது வேகம் காட்டிவிட்டு இறுகியதும் அடங்கிவிடும். இப்போது வரும் கால்சியம் சிலிக்கேட் பசை, பயோசெராமிக் என்கிறார்கள், பல்லின் ஈரத்தை வைத்தே இறுகுகிறது, இறுகும்போது காரத்தன்மையைக் கூட்டிக் கிருமியை அழிக்கிறது. நல்ல பொருள்தான், ஆனால் பல்லின் நுண்குழாய்களுக்குள் ஆழமாகப் போய் ஒளிந்துகொண்டதை அது முழுவதும் துடைத்துவிடும் என்று நம்ப முடியாது. சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி அகப்படும் என்டரோகாக்கஸ் ஃபேகாலிஸ் என்ற கிருமி பட்டினியையும் தாங்கும், நிறைய காரத்தையும் தாங்கும்.

அதற்கும் மேலே, தற்காலிகப் பூச்சு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து கசிந்தால் எச்சிலோடு புதுக் கிருமி உள்ளே இறங்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பசையாக இருந்தாலும் நிற்காது. எங்களுக்கு நடந்தது அதுதான். மறுபடி எல்லாவற்றையும் தோண்டி எடுத்து முதலில் இருந்து செய்தோம், செலவும் இரண்டு மடங்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிச் சுரண்டி பெயிண்ட் அடிக்கிற அந்த நாட்களில்தான் ஆண்கள் ஊரில் இருப்பார்கள். நிரந்தர அடைப்பும் பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் வரை முடிக்க அந்த நாட்கள் தாராளம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி பக்கமெல்லாம் அரசுப் பல் மருத்துவ முகாமை அந்த நாட்களில் வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். மார்ச் மாதமே எழுதினால் ரொம்ப நல்லது, தடை தொடங்கின பிறகு சிலர் வேறு ஊருக்குக் கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்