சமுதாயக் கல்லூரிச் சான்றிதழுக்கு ஓர் அரசாணை: உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் இயங்கிய ஒரு சமுதாயக் கல்லூரியில் பகுதி நேரப் பயிற்றுநராகப் பணியாற்றியவன் நான். எங்களிடம் பயின்ற மாணவி ஒருவர் அண்மையில் ஓர் அரசு அலுவலகத்தில் நடந்த சான்றிதழ் சரிபார்ப்பில் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்பட்டதே இம்மடலை எழுதத் தூண்டியது. அறிவிக்கையில் கேட்கப்பட்டது மருத்துவ உதவியாளர் பட்டயம் 'அல்லது அதற்கு இணையான தகுதி'. அவர் கையில் இருந்ததும் மருத்துவ உதவியாளர் பட்டயமே. ஆனால் அது இணையானது என்று சொல்லும் அரசாணையின் நகலை அவரால் காட்ட முடியவில்லை. அப்படியோர் அரசாணை இருந்தால்தானே காட்டுவதற்கு?

சமுதாயக் கல்லூரிகளின் வரலாறு தங்கள் துறைக்குத் தெரியாததன்று. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் தொடங்கிய முயற்சி, இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் போன்றோரின் உழைப்பால் தமிழகமெங்கும் பரவியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், குடும்பச் சுமையால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாத பெண்கள், நகரத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள் ஆகியோருக்கு வயது வரம்பு பாராமல், குறைந்த கட்டணத்தில், வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் கற்பித்து, பணியிடப் பயிற்சிக்கும் அனுப்புவதே அதன் நோக்கம். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளித்தது. 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஒரு திட்டத்தைத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் நிறுத்தி வைத்தது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டம் வந்தது. எங்கள் கல்லூரியின் வகுப்பறையில் இருந்த பயிற்சிக் கட்டிலும் இரத்த அழுத்தக் கருவியும் எல்லாக் காலத்திலும் அவையேதான். சான்றிதழின் தலைப்பில் இருந்த முத்திரைதான் மாறிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண்ணின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஏற்றுமதித் துணி ஆலையில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனவர், திருமணமாகிக் குழந்தை பிறந்த பின்னரே எங்களிடம் வந்து சேர்ந்தார். காலையில் வகுப்பு, பிற்பகலில் மருத்துவமனைப் பயிற்சி. படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, வடிகுழாய்ப் பையில் சேர்ந்த சிறுநீரின் அளவைக் குறிப்பது, உடல் வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் அட்டவணையில் ஏற்றுவது என எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார். தனியார் மருத்துவமனையில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தார். அங்கே எவரும் அவரிடம் அரசாணை கேட்கவில்லை. சரிபார்ப்பு மேசையிலோ, அவருடைய சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அலுவலர், "இந்தத் திட்டம் இப்போது நடப்பில் இல்லையே" என்றார். திட்டம் நடப்பில் இல்லாததற்கு அந்தப் பெண் பொறுப்பாளியா? அந்த அலுவலரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கையில் ஆணை இல்லாமல் அவர் எதை நம்பி ஒப்பமிடுவார்?

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் பெயரால், திட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில் முறையாக வழங்கப்பட்ட சமுதாயக் கல்லூரிப் பட்டயங்கள் அனைத்தையும், கல்வித் தகுதிகளை ஒப்பிட்டுப் பரிந்துரைக்கும் இணைத்தன்மைக் குழுவின் முன் வைத்து, எந்தப் பட்டயம் எதற்கு இணை என்று ஒரே அரசாணையில் அறிவியுங்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பத்தாம் வகுப்பையும் மேல்நிலைப் படிப்பையும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெறும் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று மாநில அரசு ஆணையிட்டதும், இந்திரா காந்தி பல்கலைக்கழகத் திட்டம் தொடங்கிய அதே 2009-இல்தான். பள்ளியை விட்டவர்களை வா என்று அழைக்கும் கல்லூரியை ஒரு கை திறந்து வைக்கும்போதே, மேற்கொண்டு போகும் வாசலை மறு கை சாத்தியது. அமெரிக்காவைப் பார்த்துத்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தோம் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். 1901-இல் ஜோலியட் நகரில் அத்தகைய முதல் கல்லூரி தொடங்கப்பட்டதே, அங்கே இரண்டாண்டு படித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்பதற்காகத்தான். நாமோ பெயரையும் குத்துவிளக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சேரும் வழியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அறிவிப்புகளுக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சமில்லை. 2013 டிசம்பரில், அறிவையும் திறனையும் நிலை நிலையாக வகைப்படுத்தும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு பத்து நிலைகளுடன் வந்தது. 2025-க்குள் கற்போரில் குறைந்தது 50 விழுக்காட்டினருக்குத் தொழிற்கல்வி அறிமுகம் கிடைக்கும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை உறுதி கூறியது. தமிழக அரசும் 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. புதிதாகக் கற்க வருபவர்களுக்கு இவையெல்லாம் பயன்பட்டால் மகிழ்ச்சியே. ஏற்கெனவே கற்று முடித்துச் சான்றிதழை நெகிழி உறைக்குள் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அந்தக் கட்டமைப்பில் எந்த நிலையில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் யாருக்கும் நேரமில்லை. அடுத்த திட்டத்தின் தொடக்க விழாவுக்கு எங்கள் பழைய மாணவர்களை அழைத்தால், நாற்காலி எடுத்துப் போடவாவது அவர்கள் தகுதி பெற்றவர்களா என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

கடுஞ்சொல்லாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் துறையிடம் நாங்கள் கேட்பது நிதியுமன்று, கட்டடமுமன்று. இணைத்தன்மை அரசாணை ஒன்று. அதில் நிறுத்தப்பட்ட திட்டங்களின் சான்றிதழ்களும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட வேண்டும். அதன் நகல் பணி நியமனம் செய்யும் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பப்பட வேண்டும். அந்தப் பெண் விண்ணப்பித்த பணிக்கான வயது வரம்பை எட்ட அவருக்கு இன்னும் சிறிது காலமே இருக்கிறது. அடுத்த அறிவிக்கை வெளியாகும் முன்பாகவே அரசாணை பிறப்பிக்கப்பட்டிருந்தால்தான் அதை ஏற்பார்கள் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆதலால் இணைத்தன்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இப்பொருளைச் சேர்க்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சமுதாயக் கல்லூரி முன்னாள் பயிற்றுநர்,
சென்னை