பத்து வருஷம் கழித்து ஓர் அக்டோபர்

நோவை, மிச்சிகன்
30 செப்டம்பர் 2024

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. டைகர்ஸ், நம் டெட்ராய்ட் பேஸ்பால் டீம். சிரிக்காதே, உண்மையைத்தான் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை எழுத உட்கார்ந்தேன். ரேடியோவில் வர்ணனையாளர் டான் டிக்கர்சன் குரல் திடீரென்று உயர்ந்தது. பேனாவை வைத்தவன் இன்றைக்குத்தான் மறுபடி எடுக்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, நடைக்குப் போகிறாள். பெரியவனுக்குப் பதினேழு முடிந்துவிட்டது, காரை அவன்தான் ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறேன். ஆபீசில் ஜூலையில் எங்கள் எலெக்ட்ரிக் வண்டி புராஜெக்டை மூடிவிட்டார்கள். பதினாறு பேரில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். நான் தப்பினேன், ஏன் என்று தெரியவில்லை. அதைப் பற்றி நேரில் பேசலாம். உங்கள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சொட்டு மருந்தை மறக்காமல் போடச் சொல். சிஸ்டரையும் விசாரித்ததாகச் சொல்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2014 அக்டோபரில் டைகர்ஸ் மைதானமான கொமெரிக்கா பார்க்கில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பால்டிமோரோடு மூன்றாவது ஆட்டம். நம் டேவிட் பிரைஸ் அவ்வளவு அழகாகப் பந்து போட்டும் அவர்களுடைய நெல்சன் க்ரூஸ் ஒரே ஒரு அடி அடித்தார், 2-1, முடிந்தது கதை. அந்த டிசம்பரில் நீ மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனாய். அதற்கப்புறம் டைகர்ஸ் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதிர்ஷ்டத்தை நீதான் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விட்டாய் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2017ல் நம் பெரிய பிட்சர் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். 2019ல் 114 ஆட்டம் தோற்றார்கள். நாம் வந்து இறங்கிய 2003ல் 119 தோற்றதைப் பார்த்தவர்கள் நாம், அதனால் அது எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் 2003ல் வயது இருபத்தைந்து. தோற்கிற டீமைப் பார்க்கப் போவதே ஒரு வேடிக்கையாக இருந்தது, டிக்கெட்டும் மலிவு. நாற்பதுக்கு மேல் அந்தப் பொறுமை போய்விடுகிறது. நான் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். யாராவது கேட்டால் "ஸ்கோர் மட்டும் பார்ப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் அப்படித்தான் போனது. ஜூலை 30, வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். நம் ஆட்கள் ஜாக் ஃப்ளாஹெர்ட்டியை டாட்ஜர்ஸுக்கு விற்றார்கள். மார்க் கேன்ஹா, கார்சன் கெல்லி, ஆண்ட்ரூ சாஃபின் என்று கையில் விலைபோகிற சாமான் எல்லாம் போனது. இந்த சீசன் அவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நிர்வாகமே சொல்லாமல் சொன்னது. ஆகஸ்ட் 10 அன்று கணக்கு 55 வெற்றி, 63 தோல்வி. பிளேஆஃபின் கடைசி இடத்துக்குப் பத்து ஆட்டம் பின்னால். கணக்குப் போடுகிறவர்கள் கொடுத்த வாய்ப்பு 0.2 சதவீதம். ஆயிரத்தில் இரண்டு, மாப்ளே!

அங்கேயிருந்து ஆடிய 44 ஆட்டங்களில் 31 ஜெயித்தார்கள்.

இங்கே எல்லோரும் இதை அதிசயம் என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நான் பார்த்தவரை, நிர்வாகம் கையை விரித்ததுதான் இதற்கு ஆரம்பம். பெரிய பெயர்கள் போனதும் இடம் காலியானது. காலியான இடத்தில் டொலீடோவில், நம் கீழ்நிலை டீமில், இருந்த பசங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ட்ரே ஸ்வீனி என்ற பையன் ஃப்ளாஹெர்ட்டிக்குப் பதிலாக வந்தவன், ஆகஸ்ட் நடுவில் ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவில், நின்றான், அப்புறம் அந்த இடத்தை விடவே இல்லை. ஜேஸ் ஜங், டிங்லர், கோல்ட் கீத், எல்லோரும் முதல் வருஷம் ஆடுகிறவர்கள். ஸ்பென்சர் டோர்கெல்சன், 2020ல் புது வீரர்கள் தேர்வில் நாடு முழுக்க முதல் ஆளாக எடுக்கப்பட்டவன், ஜூன் மாதம் அவனையும் கீழே அனுப்பிவிட்டு ஆகஸ்டில்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். இவர்கள் தோற்றால் யாரும் திட்டப்போவதில்லை. திட்டுவதற்கு யாரும் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை, என்னையும் சேர்த்து.

பந்து போடுவதைப் பார்த்திருந்தால் நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். ஒழுங்கான ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிப் பெரும்பகுதி பந்து போடுகிறவர், என்று நம்பிக்கையாகச் சொல்ல ஒருவர்தான், டாரிக் ஸ்கூபல். மற்ற நாள்களில் ஒருவர் ஒரு இன்னிங்ஸ், அடுத்தவர் இரண்டு, அதற்கடுத்தவர் நாலு பேருக்கு மட்டும் என்று புல்பென்னே (நடுவில் மாறி வருகிற பிட்சர் கூட்டம்) மொத்த ஆட்டத்தையும் போட்டு முடித்தது. மேனேஜர் ஹிஞ்ச் இதற்கு வைத்த பெயர் 'பிட்சிங் கேயாஸ்', பந்துவீச்சுக் குழப்பம். ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல்காரர் சொல்லாமல் ஊருக்குப் போன அன்று ஒருத்தன் அரிசி களைய, ஒருத்தன் வெங்காயம் நறுக்க, கடைசியில் சாம்பார் வழக்கத்தைவிட நன்றாக இருந்ததே, கிட்டத்தட்ட அதுதான். எதிரணிக்காரன் ஒரு பிட்சரின் பந்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வதற்குள் வேறு ஆள் வந்து நிற்பான்.

ஸ்கூபல் கதை தனி. புது வீரர்கள் தேர்வில் ஒன்பதாவது சுற்றில் எடுத்த ஆள். கல்லூரியிலேயே முழங்கை ஆபரேஷன், 2022ல் முன்கையில் இன்னொன்று. இந்த வருஷம் 18 வெற்றி, 4 தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கிற ரன் சராசரி) 2.39, 228 ஸ்ட்ரைக்அவுட். மூன்றிலும் லீகில் முதலிடம். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைக்காவிட்டால்தான் ஆச்சரியம். அவர் போடுகிற நாளில் நான் ஆபீஸ் மீட்டிங்கைக்கூட நகர்த்தி வைக்க ஆரம்பித்தேன்.

நான் மறுபடி விழுந்தது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். செப்டம்பர் 5, சான் டியேகோவில். ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-0 பின்னால், இரண்டு அவுட். மூன்று பேஸிலும் ஆள். அடிக்க வந்தவன் பார்க்கர் மெடோஸ். மே மாதம் அடிக்கத் தெரியவில்லை என்று டொலீடோவுக்கு அனுப்பப்பட்டானே, அதே மெடோஸ். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நாலு ரன். 4-3. நான் அப்போது கையில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சோடு நின்றிருந்தேன். பெரியவன் மாடியிலிருந்து "அப்பா!" என்று கத்திக்கொண்டு இறங்கி வந்தான். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் சோப்புத் தண்ணீர் அவன் சட்டையெல்லாம். பதினேழு வயசுப் பையன் அப்பாவைக் கட்டிப்பிடிப்பது எவ்வளவு அபூர்வம் என்பது உனக்கும் சீக்கிரம் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே மெடோஸுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் நான்கு ஸ்கோர். நம்முடையது, அதே இடத்துக்குப் போட்டியில் இருந்த கேன்சஸ் சிட்டி, மினசோட்டா, சியாட்டில். மினசோட்டா தோற்கத் தோற்க வீட்டில் ஒரே உற்சாகம். அடுத்தவன் தோல்வியில் இத்தனை சந்தோஷப்படலாமா என்று உன் தங்கச்சி கேட்டாள். மே மாதம் ஆர்சிபி நம் சிஎஸ்கேயை வெளியே தள்ளியபோது நீ ஃபோனில் என்னவெல்லாம் சொன்னாய் என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். யோசித்துப் பார், அதுவும் இதே கதைதான். முதல் எட்டில் ஏழு தோற்ற டீம், கடைசி ஆறையும் ஜெயித்து உள்ளே வந்தது. அன்று நாம் வாசலில் நின்று வெளியே தள்ளப்பட்டவர்கள், அதனால் ரசிக்க முடியவில்லை. இப்போது பெங்களூர்க்காரர்கள் அன்று எப்படிக் குதித்திருப்பார்கள் என்று புரிகிறது. முழுசாக மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

போன வெள்ளிக்கிழமை, 27ஆம் தேதி, பெரியவன் வற்புறுத்தி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். சிகாகோ வைட் சாக்ஸோடு ஆட்டம். ஜெயித்தால் பிளேஆஃப். வுட்வர்ட் சாலையில் இறங்கியதுமே அந்தப் பழைய சத்தம். புலிச் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க அவ்வளவு பெரிய வரிசை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவரும் உட்காரவில்லை. 4-1. கடைசி அவுட் விழுந்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்த, எழுபது வயது இருக்கும், ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். நான் அவரைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன், என் கண்ணும் சரியில்லை.

அதே அவுட்டில் இன்னொன்றும் நடந்தது. வைட் சாக்ஸுக்கு அது 121வது தோல்வி. நவீன பேஸ்பாலில் யாரும் ஒரே சீசனில் அத்தனை தோற்றதில்லை, 1962 நியூயார்க் மெட்ஸ்கூட 120தான். எங்களைச் சுற்றி ஆரவாரம், எதிர் டக்அவுட்டில் அந்தப் பையன்கள் கையுறையைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2003ல் கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்து நாம் அந்தப் பட்டத்திலிருந்து தப்பித்தது ஞாபகம் வந்தது. பெரியவனிடம் சொன்னேன். "அப்பா, இன்னைக்குமா 2003?" என்றான்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். சனி, ஞாயிறு இரண்டு ஆட்டமும் அதே வைட் சாக்ஸிடம் தோற்றோம்! ஒன்று ஜெயித்திருந்தாலும் ஐந்தாவது இடம், பால்டிமோர் போயிருக்கலாம். 86-76 என்று கேன்சஸ் சிட்டியோடு சமமாகி, ஆறாவதாக இறங்கி, ஹூஸ்டன் போகிறோம். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், மூன்றும் அவர்கள் ஊரில். ஏழு வருஷமாகத் தொடர்ந்து லீக் இறுதிவரை போன டீம். வெர்லாண்டர் அங்கேதான் இருக்கிறார். ஹிஞ்ச் 2017ல் கோப்பை வாங்கிக் கொடுத்ததும் அவர்களுக்குத்தான், எதிரணி கேட்சரின் சைகையைத் திருடிய விவகாரத்தில் அவரை வேலையைவிட்டு அனுப்பியதும் அவர்கள்தான். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே வருகிறார். இதில் யார் ஜெயிப்பார்கள் என்று என்னைக் கேட்காதே. மூளை ஹூஸ்டன் என்கிறது. நாளைக்கு ஸ்கூபல் என்பதால் மூளையை நான் மதிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஜூலையில் நானும் கையை விரித்தவன். பத்து வருஷம் விடாமல் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தொப்பியால் முகத்தை மூடிய அந்தப் பெரியவர் மாதிரி. நான் செப்டம்பரில் வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டேன். பெரியவனிடம் இதைச் சொன்னால், "இடம் இருந்துச்சு, உட்கார்ந்தீங்க, அதுக்கென்ன" என்கிறான்.

நாளை மதியம் இரண்டரைக்கு ஆட்டம். எனக்கு இரண்டு மணிக்கு ஒரு டெலிவரி மீட்டிங் இருக்கிறது, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு நடு இரவு பன்னிரண்டு. தூங்கப் போவதென்றால் போ, ஆனால் ஃபோனை சைலண்டில் போடாதே. நீ எடுத்துக்கொண்டுபோன அந்த நீலத் தொப்பி இன்னும் இருந்தால் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள். அதிர்ஷ்டம் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பெரியவன் உறுதியாக நம்புகிறான்.

உன்,
பழைய ரூம்மேட்