உன் மிருகப்பெட்டி கிடைத்துவிட்டது

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். நீங்களும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று உனக்குக் கோபமிருக்கும். இதை வாசித்து முடிக்கும்வரை அந்தக் கோபத்தைத் தள்ளிவை. சின்ன வயதில் நாம் விளையாடிய ஈயப் பொம்மை மிருகங்கள் இருந்த உன் மிருகப்பெட்டி கிடைத்துவிட்டது.

அக்கா வீட்டுக்கு ஓடு மாற்ற ஏறியவர்கள் பரண் மூலையிலிருந்து அதை இறக்கினார்கள். 1995 இடப்பெயர்வோடு போயிற்று என்று நாங்கள் எல்லோரும் கைவிட்டிருந்த பெட்டி, ஐயா கட்டிய கயிறுகூட அவிழாமல் இருந்தது. அக்கா அழைத்தவுடன் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒவ்வொன்றும் பழைய ஈழநாடு பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டிருந்தது. காண்டாமிருகம் இருக்கிறது, கணக்கு வாத்தியாரின் மேசை லாச்சிக்குள் ஒரு தவணை முழுவதும் சிறையிருந்தும் அதன் கொம்பு முறியவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, நீ உள்ளே தீக்குச்சி செருகி ஒட்டிய நிலையிலேயே நிற்கிறது. இப்படி முறிந்த ஈயப் பொம்மைகளைச் சேகரிப்பாளர்களும் தீக்குச்சி செருகித்தான் ஒட்டுவார்கள் என்று பிற்காலத்தில் வாசித்தபோது, உன்னை அன்று திட்டிய ஐயாவை நினைத்துக்கொண்டேன். வண்டிக்குதிரையின் முதுகில், நாம் பிடித்துப் பிடித்து ஓட்டிய இடத்தில் மட்டும், கபில வண்ணம் தேய்ந்து சாம்பல் நிற ஈயம் தெரிகிறது. நெடுந்தீவுக் குதிரைகளை முதன்முதலில் பார்த்துவிட்டு, காலில் சடைமயிர் இல்லாதவை குதிரைகளே அல்ல என்று குறிகட்டுவான் இறங்குதுறை வரும்வரை நீ வாதாடியதற்குக் காரணமாயிருந்த அதே குதிரைதான்.

அடியில் பிறிற்றன்ஸ் என்ற ஆங்கிலப் பொம்மை நிறுவனத்தின் பெயர் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. ஈயமாயிருந்தும் அது ஏன் அவ்வளவு இலேசாக இருந்தது என்று நாம் வியந்தோமல்லவா? 1893இல் வில்லியம் பிறிற்றன் கண்டுபிடித்த வார்ப்பு முறை அது. உருகிய ஈயக்கலவையை அச்சுக்குள் ஊற்றி, வெளிப்புறம் மாத்திரம் இறுகியதும் நடுவிலுள்ளதைத் திரும்ப வெளியே ஊற்றிவிடுவார்கள். உள்ளே வெறும் கோறைதான். முதலில் போர்வீரர்களைச் செய்து விற்றவர்கள், முதலாம் உலகப்போருக்குப் பிறகு மக்களுக்குப் போர் பொம்மைகளில் வெறுப்பு வந்தபோது, 1920களில் பண்ணை மிருகங்களுக்கும் அடுத்து மிருகக்காட்சிச்சாலை மிருகங்களுக்கும் திரும்பினார்கள். 1966ஆம் ஆண்டளவில் ஈய வார்ப்பே நின்றுபோயிற்று. ஐயா கொழும்பிலிருந்து சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்றொன்றாக வாங்கிவந்தவை அந்த மரபின் கடைசிக் காலத்துப் படைப்புகள் என்று எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இனி நான் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். வண்டிக்குதிரையின் குளம்புச் சடை மடிப்புகளிலும் யானையின் காதுக்குப் பின்னாலும் வெள்ளை மா போல ஏதோ பூத்திருக்கிறது. அக்கா அது சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது ஈயத்தின் அரிப்பு. மரமும் அட்டையும் பத்திரிகைத் தாளும் காலப்போக்கில் அமில ஆவியை விடுகின்றன. அடைத்த பெட்டிக்குள், எங்கள் மாரிகாலத்து ஈரத்தோடு சேர்ந்து, அது ஈயத்தைத் தின்று வெள்ளைத் தூளாக்கிவிடுகிறது. அந்தத் தூள் நஞ்சு.

அக்காவின் மகன், உன் மருமகன், நல்ல பிள்ளை, ஆனால் அவசரக்காரன். எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வண்ணம் அடித்து, பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறான். தேய்த்தால் ஈயத் தூசு வீடெல்லாம் பரவும். சின்னவளோ கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இத்தனை அளவு பாதுகாப்பானது என்று அதற்கு ஓர் எல்லையே இல்லை. மேலே வண்ணம் அடித்தால் அரிப்பு நிற்கும் என்பதும் பிழை. வண்ணத்தின் அடியிலேயே அது தொடர்ந்து நடக்கும். பழைய வண்ணம் போய்விட்டால் சேகரிப்பாளர் எவரும் அதை மதிக்கமாட்டார்கள் என்பது ஒருபுறமிருக்க, நம் விரல்கள் தேய்த்த அந்த முதுகைப் புது வண்ணத்தால் மூட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுத்தான் வேண்டுமென்றால், நீ என் பேத்திக்கு அனுப்பிய, ஷ்லைக் என்ற ஜேர்மன் நிறுவனத்தின் பிளாஸ்ரிக் குதிரைகள் இருக்கின்றன. வயிற்றில் ஆண்டும் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஷ்வேபிஷ் க்முண்ட் பெயரும் பொறித்த அந்தக் ஹாப்லிங்கர் குதிரை கிணற்றடியில் கிடந்து வெயிலில் சற்று வெளிறியதைத் தவிர வேறு எந்தக் குறையுமில்லாமல் இருக்கிறது. அவள் அதைத் தாராளமாகக் கொடுப்பாள்.

நான் செய்துவைத்திருப்பது இவ்வளவுதான். கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, மரப்பெட்டியையும் தாள்களையும் ஒதுக்கிவிட்டு, என் இரும்பு அலுமாரியின் மேல்தட்டில், ஒன்றோடொன்று முட்டாமல் நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளையும் வைத்திருக்கிறேன். தண்ணீர் படவிடவில்லை. சாவி என்னிடம் இருக்கிறது. அதனால் உன் மருமகனுக்கு என்மேல் மனத்தாங்கல்.

நீ அவற்றை ஜேர்மனிக்கு எடுப்பிக்க விரும்பினால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் மகளின் பிறேயர் நிறுவனத்துப் பொம்மைக் குதிரைகள் நிற்கும் கண்ணாடி அலுமாரிக்குள் இவற்றை வைக்காதே. 1950இல் சிக்காகோவில் ஒரு மணிக்கூட்டின்மேல் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட முதற்குதிரை தொடங்கி, அந்த நிறுவனத்தாரின் பேர்பெற்ற குதிரைகள் செலுலோஸ் அசற்றேற் என்ற பிளாஸ்ரிக்கில் வார்க்கப்பட்டவை. அது பழுதாகத் தொடங்கினால் வினாகிரி மணம் வரும். அந்த மணமே ஈயத்துக்கு எமன். இரண்டு பேரின் குதிரைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், ஒரே அலுமாரிக்குள் இருக்கக்கூடாது.

இங்கேயே வைத்திருக்கச் சொன்னாலும் எனக்குப் பூரண சம்மதம். என் காலத்துக்குப் பிறகு யாரிடம் போகவேண்டும் என்பதை மட்டும் நீ எழுதித் தரவேண்டும். எதுவானாலும் ஐப்பசி மழை தொடங்குமுன் முடிவெடு. அதற்கு முன்னதாக, இந்த ஞாயிற்றுக்கிழமையே மருமகனுக்கு ஒருமுறை தொலைபேசி எடு. நான் சொன்னால் அது கிழவனின் பிடிவாதம். மாமா சொன்னால் கேட்பான். உப்புத்தாள் ஏற்கெனவே வாங்கிவிட்டான்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி