அட்டையில் மொழிபெயர்ப்பாளர் எங்கே?

ஆசிரியருக்கு,

மராத்தி நாவலாசிரியர் காண்டேகரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்துப் படித்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. அவர் நாவல்களை மொழிபெயர்த்த கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் தமிழ் அப்படி! பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழாக்கினார். அதன் கடற்கரை வெயிலைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்? இன்று வரும் சில மொழிபெயர்ப்புகளிலோ, மொழிபெயர்த்தவர் பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. எந்த மொழியிலிருந்து வந்தது என்ற விவரமும் இருப்பதில்லை. ஆங்கிலம் வழியாக வந்தால் குற்றமில்லை. ரஷ்ய நாவல்களில் பலவற்றை அப்படித்தானே படித்தோம். சரி, அதைச் சொல்லிவிட்டு விற்கலாமே. பதிப்பாளர்கள் இரண்டையும் முன்னட்டையிலேயே அச்சிட வேண்டும். கூடுதலாக என்ன செலவாகிவிடப் போகிறது?

– வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி