பணிப்பதிவேட்டில் விடுபட்ட மூன்று ஆண்டுகள்

மதிப்பிற்குரிய கல்வித்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஓய்வூதியம் கேட்டு அனுப்பிய கோப்பு, அதாவது ஓய்வூதியக் கருத்துரு, இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணம் நீங்கள் அறிந்ததுதான். நான் முதலில் வேலை பார்த்த ஒன்றியப் பள்ளியில், 1994 முதல் 1997 வரை நான் வேலை பார்த்ததைச் சரிபார்த்ததாக என் பணிப்பதிவேட்டில் பதிவு போடப்படவில்லை. முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு வேண்டும். நான் 31 ஆண்டு வேலை பார்த்தேன். இந்த மூன்றைக் கழித்தால் 28தான். அதனால் ஓய்வூதியத்தில் வரும் குறைவு என் ஆயுள் முழுக்கத் தொடரும்.

பழைய பள்ளிக்குப் போய்ச் சான்று வாங்கி வரச் சொன்னீர்கள். சரி என்று இரண்டு பேருந்து மாறிப் போனேன். இப்போதுள்ள தலைமையாசிரியை பீரோவையும் இரும்புப் பெட்டியையும் எனக்காகத் திறந்து தேடினார். அந்த ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டைக் கரையான் அரித்திருந்தது. அன்று இருந்த தலைமையாசிரியர் உயிரோடு இல்லை. யாரிடம் கையெழுத்து வாங்குவேன்?

ஆனால் அதே மூன்று ஆண்டுக்கும் ஆசிரியர் சேமநல நிதிக்கு என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். கணக்குச் சீட்டு, வட்டியோடு, என் கையில் இருக்கிறது. ஆண்டு ஊதிய உயர்வும் கொடுத்து, அதை அதே பணிப்பதிவேட்டில் எழுதியும் இருக்கிறார்கள். வேலை பார்க்காதவளுக்கா ஊதிய உயர்வு கொடுத்தார்கள்? நகலெல்லாம் இணைத்துத்தான் அனுப்பினேன். அவற்றைப் பார்த்ததாகக்கூட உங்கள் பதிலில் ஒரு வரி இல்லை.

பணிப்பதிவேடு ஒருநாளும் என் வசம் இருந்ததில்லை. ஆண்டுதோறும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது அலுவலகத்தின் வேலை. அது விடுபட்டதற்கு ஆசிரியர் ஏன் அலைய வேண்டும்? நான் கேட்பது இதுதான்: சேமநல நிதிக் கணக்கையும் ஊதிய உயர்வுப் பதிவையும் சான்றாக ஏற்று, விடுபட்ட காலத்தை அலுவலகமே சரிபார்த்துச் சேர்க்க வேண்டும்.

இது என் ஒருத்தி கதை மட்டுமில்லை. மாதம் இவ்வளவு என்று மொத்தமாகத் தரும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 1.6.2006-ல் ஆண்டு உயர்வுள்ள காலமுறை ஊதியத்துக்கு வந்தவர்கள் என்னோடு வேலை பார்த்தார்கள். அதற்கு முன் அவர்கள் பாடம் நடத்திய காலத்தையும் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி எத்தனை ஆண்டாகக் கேட்கிறார்கள்! வகுப்பில் இருந்த நாளை வகுப்பில் இருந்த நாளாக எண்ண இவ்வளவு போராட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சம்பளச் சீட்டு இப்போது அரசின் களஞ்சியம் செயலியில் கைபேசிக்கே வருகிறது. அதிலேயே, இன்றுவரை சரிபார்க்கப்பட்ட பணிக்காலம் இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள் என்று ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால், சான்று சொல்ல ஆள் இருக்கும்போதே தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு கரையான் அரித்த தாளைத் தேடிப் போக வேண்டியிருக்காது.

என் கருத்துருவை மறுபடி திருப்பி அனுப்பும் முன், இணைத்திருக்கும் கணக்குச் சீட்டுகளை ஒருமுறை பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை